ராத்திரி ரெண்டு மணி ஐடியா



நவம்பர் 14 என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? குழந்தைகள் தினம், நேரு மாமா, ஸ்கூலில் கொடுத்த ஆரஞ்சு மிட்டாய்... அவ்வளவுதானே? அதே நவம்பர் 14 உலக நீரிழிவு தினமும்கூட. மிட்டாய் கொடுக்கிற நாளிலேயே சர்க்கரை நோய்க்கும் ஒரு தினமா என்று சிரிக்காதீங்க. 1891ஆம் வருடம் அதே தேதியில் கனடாவில் பிறந்த ஒருவரின் நினைவாகத்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் பெயர் ஃப்ரெடெரிக் பான்டிங்.

இந்த மனிதரைப் பற்றி நான் தேடிப் படிக்க ஆரம்பித்ததற்கு ஒரு காரணம் இருக்கு. எங்க ஹாஸ்டல் மெஸ் ஃப்ரிட்ஜில், தயிர் பாத்திரத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா இருக்கும். மேலே என் ரூம்மேட் பெயர் எழுதி ஒட்டியிருக்கும். முதல் வருடம் அதில் ஏதோ வீட்டுப் பலகாரம் ஒளிச்சு வெச்சிருக்கான்னு நினைச்சுத் திறந்து பார்த்தோம். உள்ளே இருந்தது இன்சுலின். அவனுக்கு ஒன்பது வயதிலிருந்து டைப் 1 சர்க்கரை நோய். சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்துவிட்டு, சட்டையைக் கொஞ்சம் தூக்கி, வயிற்றில் ஊசியைப் போட்டுக்கொண்டு, எங்களோடு கிரிக்கெட் ஸ்கோர் பேசிக்கொண்டே சாப்பிடுவான். அவனுக்கு அது பல் தேய்ப்பது மாதிரி.

ஆனா நூறு வருடத்துக்குக் கொஞ்சம் முன்னால் பிறந்திருந்தால் அவன் பத்தாவது பரீட்சைகூட எழுதியிருக்க முடியாது. இதைத்தான் மனசில் வெச்சுக்கிட்டு மேலே படிங்க.

முதல் வருடமே ஃபெயில்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அலிஸ்டன் என்ற ஊர். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் ஐந்தாவது, கடைசிப் பிள்ளை பான்டிங். படிப்பில் புலி எல்லாம் கிடையாது. ஸ்பெல்லிங் சுத்தமா வராது. 1910இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் கலைப் படிப்பில் சேர்ந்தார்; முதல் வருடமே ஃபெயில். நம்ம பாஷையில் சொன்னா அரியர் கேஸ். பிறகு 1912இல் மருத்துவத்துக்கு மாறினார்.

1914இல் முதல் உலகப் போர் வந்தது. பட்டாளத்தில் சேரப் போனார். கண் பார்வை சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். விடவில்லை, திரும்பவும் முயன்று அடுத்த வருடம் சேர்ந்துவிட்டார். போருக்கு டாக்டர்கள் தேவைப்பட்டதால் அவர்களுடைய வகுப்புக்குப் படிப்பைச் சுருக்கி 1916 டிசம்பரிலேயே பட்டம் கொடுத்து அனுப்பினார்கள். 1918 செப்டம்பரில் பிரான்சின் காம்ப்ரே போர்முனையில் குண்டுச் சிதறல் ஒன்று அவர் கையில் பாய்ந்தது. அந்தப் போரில் காட்டிய துணிச்சலுக்காக மிலிட்டரி கிராஸ் பதக்கம் கிடைத்தது.

ஒருமுறை முடியாது என்று சொன்னால் திரும்பிப் போகிற ஆள் இவர் இல்லை. இந்தப் பிடிவாதத்தை ஞாபகம் வெச்சுக்கங்க. இவருடைய பெரிய பலமும் அதுதான், பெரிய தலைவலியும் அதுதான்.

பட்டினிதான் மருந்து

கதைக்கு நடுவே கொஞ்சம் உயிரியல். ப்ளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தவங்களும் பயப்படாம படிக்கலாம்.

வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையம் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று, செரிமானச் சாற்றைச் சுரந்து, ஒரு குழாய் வழியாகக் குடலுக்கு அனுப்புவது. இரண்டாவது வேலை அதற்குள்ளேயே தீவுகள் மாதிரி சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன செல் கூட்டங்களுடையது. 1869இல் அவற்றை முதலில் பார்த்துச் சொன்னவர் பால் லாங்கர்ஹான்ஸ். அப்போது அவரும் ஒரு மாணவர்தான்! அதனால் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்று பெயர். 1889இல் ஜெர்மனியில் மின்கோவ்ஸ்கி, வான் மேரிங் இருவரும் ஒரு நாயின் கணையத்தை முழுக்க எடுத்துப் பார்த்தார்கள். நாய்க்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. அப்படியென்றால் கணையத்திலிருந்து ஏதோ ஒன்று ரத்தத்தில் கலந்து சர்க்கரையைக் கட்டுப்படுத்துகிறது. அந்த ஏதோ ஒன்று எது? அதை எப்படிப் பிரித்தெடுப்பது? முப்பது வருடமாக உலகம் முழுக்கப் பலர் தேடினார்கள். பெர்லினில் ஸூல்ஸர் நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்து, பக்க விளைவுகளால் நிறுத்த வேண்டியதாயிற்று. ருமேனியாவில் பவுலெஸ்கு நாய்களில் வெற்றி பெற்று 1921இலேயே ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டுவிட்டார்.

இதற்கிடையில் நோயாளிகள் நிலைமை? டைப் 1 வந்த குழந்தைக்கு அப்போது இருந்த சிறந்த சிகிச்சை என்ன தெரியுமா? பட்டினி. ஃப்ரெடெரிக் ஆலன் என்ற அமெரிக்க மருத்துவர், உணவை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்தால் சில மாதங்கள், அதிர்ஷ்டம் இருந்தால் ஓரிரு வருடங்கள் கூடுதலாக உயிர் வாழலாம் என்று காட்டினார். அவர் கெட்டவர் இல்லை. அன்றைக்கு வேறு வழியே இல்லை. பிள்ளை எலும்பும் தோலுமாகப் பசியில் அழும். கொடுத்தால் செத்துப்போகும், கொடுக்காவிட்டால் கொஞ்சம் தள்ளிச் சாகும். அந்த அம்மாக்களை நினைச்சுப் பாருங்க.

நாலு டாலர் டாக்டர்

போர் முடிந்து ஊர் திரும்பிய பான்டிங், 1920 ஜூலையில் ஒன்டாரியோவில் உள்ள லண்டன் என்ற ஊரில் கிளினிக் திறந்தார். (ஆமாங்க, கனடாவிலும் ஒரு லண்டன் இருக்கு.) ஈ ஓட்டினார். முதல் மாத வருமானம் மொத்தம் 4 டாலர். கைச்செலவுக்காக அங்கிருந்த மருத்துவக் கல்லூரியில் மணிக்கு 2 டாலர் சம்பளத்தில் பகுதி நேர வேலைக்குப் போனார். கல்யாணம் நிச்சயமான பெண்ணோடும் உறவு முறிந்துகொண்டிருந்தது.

அக்டோபர் 30. அடுத்த வகுப்பில் உடல் சர்க்கரையை எப்படிப் பயன்படுத்துகிறது என்று பாடம் எடுக்க வேண்டும். அது அவருக்கே சரியாகத் தெரியாத சப்ஜெக்ட். ராத்திரி உட்கார்ந்து படித்தார். தூங்கப் போகுமுன் மோசஸ் பேரன் என்பவர் எழுதிய ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. ஒரு நோயாளியின் கணையக் குழாயைக் கல் ஒன்று அடைத்துவிட்டது. செரிமானச் சாறு சுரக்கும் பகுதி சுருங்கிப் போயிருக்க, அந்தத் திட்டுகள் மட்டும் பெரும்பாலும் நல்லபடியாக இருந்தன.

தூக்கம் வரவில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து நோட்டில் இருபத்தைந்து வார்த்தை எழுதினார். நாயின் கணையக் குழாயைக் கட்ட வேண்டும். சாறு சுரக்கும் பகுதி அழியும்வரை காத்திருக்க வேண்டும். மிச்சம் இருக்கும் திட்டுகளிலிருந்து அந்தப் பொருளை எடுத்துப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். செரிமானச் சாறு அந்தப் பொருளைத் தின்றுவிடுவதால்தான் எல்லோரும் தோற்கிறார்கள் என்பது அவர் கணக்கு. அந்தக் குறிப்பில் டயாபெட்டிஸ் என்ற வார்த்தைக்கே ஸ்பெல்லிங் தப்பு!

கைடு கிடைச்ச கதை

நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு கைடு பிடிக்கிற பாடு உங்களுக்குத் தெரியும். பான்டிங்குக்கும் அதே பாடுதான். டொராண்டோவில் மெக்லவுட் என்ற ஸ்காட்லாந்துப் பேராசிரியர் இருந்தார். சர்க்கரை வளர்சிதை மாற்றத்தில் உலக அளவில் பேர் வாங்கியவர். அவர் முன்னால் போய் உட்கார்ந்து, அரைகுறையாகப் படித்த ஒரு சர்ஜன் தன் ஐடியாவைச் சொன்னார். மெக்லவுட்டுக்குப் பெரிதாக நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் இப்படி யாரும் முழுசாகச் செய்து பார்த்ததில்லை, தோற்றால்கூட ஒரு முடிவு தெரியும் என்று யோசித்து இடம் கொடுத்தார். ஒரு லேப், பத்து நாய்கள், உதவிக்கு மாணவர்கள் இரண்டு பேர்: சார்லஸ் பெஸ்ட், கிளார்க் நோபிள்.

யார் முதலில் வேலைக்கு வருவது என்று இரண்டு பேரும் காசு சுண்டிப் போட்டுப் பார்த்தார்கள். பெஸ்ட் ஜெயித்தார். பாதியில் நோபிள் வந்து மாற வேண்டும் என்று பேச்சு; அதற்குள் பெஸ்ட் கை தேர்ந்துவிட்டதால் அவரே தொடர்ந்தார். ஒரு காசு விழுந்த பக்கத்தில் ஒருத்தர் பெயர் வரலாற்றில் நின்றது, இன்னொருத்தர் பெயரை இப்போதுதான் நீங்க கேள்விப்படுறீங்க, இல்லையா?

1921 மே 17, வேலை ஆரம்பம். முதல் நாய் ஆபரேஷனை மெக்லவுட்டே கூட நின்று காட்டிக் கொடுத்தார். ஜூனில் அவர் ஸ்காட்லாந்துக்குக் கிளம்பிவிட்டார். மாடி லேபில் கொளுத்தும் கோடை. பான்டிங் கத்தி பிடிப்பார்; இருபத்திரண்டு வயசு பெஸ்ட் ரத்தத்திலும் சிறுநீரிலும் சர்க்கரை அளப்பார். நாய்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. பத்து நாய் போதவில்லை, வெளியில் காசு கொடுத்து வாங்கினார்கள். கட்டிய குழாய்கள் பல நாய்களில் சரியாக அடைபடவில்லை என்று ஜூலையில் தெரிந்தது. திரும்பத் திறந்து, திரும்பக் கட்டினார்கள். இதற்கெல்லாம் பான்டிங்குக்குச் சம்பளம் கிடையாது. காரை விற்றுச் சாப்பிட்டார்.

ஜூலை 30. கணையம் எடுக்கப்பட்ட, 410 என்ற எண் கொண்ட நாய்க்கு அந்தச் சாற்றை ஊசியில் போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் அதன் ரத்தச் சர்க்கரை 200இலிருந்து 120க்கு இறங்கியது. நாய் பிழைக்கவில்லை. ஆனால் அந்த 120 என்கிற எண் பொய் சொல்லவில்லை.

தப்பான ஐடியா, சரியான பாதை

செப்டம்பரில் மெக்லவுட் திரும்பி வந்தார். முடிவுகளை அப்படியே நம்பாமல் கேள்வி மேல் கேள்வி கேட்டார். நல்ல கைடு செய்கிற வேலைதான் அது. பான்டிங் அதைத் தன்னைச் சந்தேகப்படுவதாக எடுத்துக்கொண்டார். சம்பளம், தனி அறை, நாய்களைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் என்று சண்டை போட்டு வாங்கினார். அந்தக் கசப்பு கடைசிவரை போகவே இல்லை.

குழாயைக் கட்டி வாரக்கணக்கில் காத்திருந்தால் மருந்து எப்படிப் போதும்? இங்கேதான் விவசாயி மகன் பான்டிங் உள்ளே வருகிறார். வெட்டுக்கு அனுப்பும் மாடுகள் சதை போட வேண்டும் என்பதற்காகச் சினைப்படுத்துவார்கள் என்பது ஊர்ப்புறத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அப்படியானால் கசாப்புக் கூடத்தில் கருவில் இருக்கும் கன்றுகள் கிடைக்கும். பிறக்காத கன்றின் கணையத்தில் செரிமானச் சாறு இன்னும் ஊறியிருக்காது. போனார், எடுத்து வந்தார், வேலை செய்தது. அடுத்து, டிசம்பரில், சாதாரணமாக வளர்ந்த மாட்டின் முழுக் கணையத்தையே குளிர்ந்த ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்துப் பார்த்தார்கள். அதுவும் வேலை செய்தது!

இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்க. முழுக் கணையமே போதும் என்றால், குழாயைக் கட்ட வேண்டிய தேவையே இல்லை. ஏனென்றால் கணையத்துக்குள் இருக்கும்போது அந்தச் செரிமான நொதி இன்னும் விழித்துக்கொள்ளாத நிலையில்தான் இருக்கிறது. அதாவது, ராத்திரி ரெண்டு மணிக்கு எழுதிய அந்தப் புகழ்பெற்ற ஐடியாவின் அடிப்படையே தப்பு. ஆனா அந்தத் தப்பான ஐடியா இல்லாவிட்டால் அந்த லேபின் கதவே திறந்திருக்காது. ஐடியா தப்பாக இருக்கலாம். அதைச் செய்து பார்த்து, தப்பு தெரிந்ததும் விட்டுவிட்டு அடுத்த படிக்குப் போனதுதான் முக்கியம்.

அந்தப் பையன்

டிசம்பர் 12ஆம் தேதி ஜேம்ஸ் காலிப் என்ற உயிர்வேதியியலாளர் அணியில் சேர்ந்தார். அல்பர்ட்டா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். மருந்தைச் சுத்தப்படுத்தும் பொறுப்பு அவருக்கு. டிசம்பர் 30இல் அமெரிக்காவின் நியூ ஹேவனில் நடந்த மாநாட்டில் பான்டிங் பேசினார். பயத்தில் நா குழறியது. கேள்விகள் வந்தபோது மெக்லவுட் எழுந்து பதில் சொல்லிச் சமாளித்தார். தன் உழைப்பைப் பறிக்கிறார் என்று பான்டிங்குக்குத் தோன்றியது. வைவாவில் நாம் திணறும்போது கைடு குறுக்கே வந்து பேசினால் நமக்கும் நன்றி, கோபம் இரண்டும் வரும்தானே!

டொராண்டோ பொது மருத்துவமனையில் லியனார்ட் தாம்சன் என்ற பதினான்கு வயசுப் பையன் படுத்திருந்தான். எடை சுமார் 30 கிலோ. 1922 ஜனவரி 11ஆம் தேதி பான்டிங்கும் பெஸ்ட்டும் தயாரித்த சாறு அவனுக்குச் செலுத்தப்பட்டது. சர்க்கரை 440இலிருந்து 320க்குத்தான் இறங்கியது. மருந்தில் அழுக்கு அதிகம். ஊசி போட்ட இடத்தில் சீழ் கட்டியது. நிறுத்திவிட்டார்கள். முதல் மனிதச் சோதனை, சரியாகச் சொன்னால், தோல்வி.

காலிப் ராப்பகலாக உழைத்தார். அவர் கண்டுபிடித்த வித்தை நம்ம கெமிக்கல் டிபார்ட்மென்ட் நண்பர்களுக்குப் பிடிக்கும். கரைசலில் ஆல்கஹால் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் வேண்டாத புரதங்கள் முதலில் வீழ்படிவாகிவிடும். நமக்கு வேண்டிய பொருள் கரைந்தே இருக்கும். 90 சதவீதத்தைத் தாண்டியதும் அதுவும் வீழ்படிவாகும். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவே பிடித்தால் சுத்தமான மருந்து. முயல்களுக்குப் போட்டு வீரியத்தைச் சோதித்தார். அளவு மிஞ்சினால் சர்க்கரை ரொம்பக் குறைந்து முயலுக்கு வலிப்பு வரும், குளுக்கோஸ் கொடுத்தால் எழுந்து உட்காரும் என்பதையும் பார்த்தார். என் ரூம்மேட் எப்பவும் பாக்கெட்டில் குளுக்கோஸ் வைத்திருப்பதன் காரணம் அந்த முயல்கள் சொன்ன பாடம்தான்.

ஜனவரி 23. காலிப் சுத்தப்படுத்திய மருந்து லியனார்டுக்குச் செலுத்தப்பட்டது. 520இல் இருந்த சர்க்கரை ஒரே நாளில் 120க்கு வந்தது. சிறுநீரில் கீட்டோன் மறைந்தது. பையன் எழுந்து உட்கார்ந்தான். அதற்குப் பிறகு பதின்மூன்று வருடம் வாழ்ந்தான். 1935இல் நிமோனியாவில்தான் இறந்தான்.

டீமுக்குள்ளே அடிதடி

சினிமாவாக இருந்தால் இங்கே எல்லோரும் கட்டிப்பிடிப்பார்கள். நடந்தது வேறு. அதே ஜனவரியில் ஒரு நாள் காலிப் வந்து, சுத்தப்படுத்தும் முறை கிடைத்துவிட்டது, ஆனால் உங்களிடம் சொல்ல மாட்டேன் என்ற தோரணையில் பேசியிருக்கிறார். பான்டிங் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். பெஸ்ட் நடுவில் புகுந்து பிரித்தார். 25ஆம் தேதி, யாரும் தனியாகக் காப்புரிமைக்குப் போகக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்ட பிறகுதான் வேலை தொடர்ந்தது.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் யார் பெயர் முதலில் என்று எங்க டீமிலும் ரெண்டு நாள் யாரும் யாரோடும் பேசவில்லை. நீங்க இதைப் படிச்சிட்டு உங்க டீமை நினைச்சுச் சிரிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும்.

சண்டையைவிடப் பெரிய சோதனை அடுத்து வந்தது. சின்னக் குடுவையில் அருமையாக வந்த மருந்து, பெரிய அளவில் செய்யும்போது வரவில்லை. அதே செய்முறை, அதே காலிப், ஆனால் வீரியம் இல்லை. வார்டில் நோயாளிகள் காத்திருக்க, மருந்து தயாரிப்பே நின்றுபோனது. அந்த நாட்களில் பான்டிங் குடியில் மூழ்கினார். மே மாதம் வாக்கில்தான் தயாரிப்பு பழைய நிலைக்குத் திரும்பியது. லேபில் வருவது ஒரு பாதி, ஆலையில் வருவது இன்னொரு பாதி. பொறியியல் படிக்கிற நாம மனப்பாடமா வெச்சுக்க வேண்டிய விஷயம் இது.

அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தோடு மே 30இல் ஒப்பந்தம் போட்டார்கள். அங்கே ஜார்ஜ் வால்டன் என்ற வேதியியலாளர், கரைசலின் அமிலத்தன்மையைச் சரியான புள்ளிக்குக் கொண்டுவந்தால் மருந்து தானாகவே வீழ்படிவாகும் என்று கண்டுபிடித்தார். தூய்மையும் கூடியது, கெடாமலும் இருந்தது. அதன் பிறகுதான் ஊருக்கெல்லாம் மருந்து போனது. தீவு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து இன்சுலின் என்ற பெயரை எடுத்து வைத்தவர் மெக்லவுட்.

காப்புரிமை? பெஸ்ட், காலிப் பெயர்களில் முதலில் விண்ணப்பம் போனது. டாக்டர் என்பவர் மருந்தை வைத்துக் காசு பார்க்கக் கூடாது என்று பான்டிங் தன் பெயரைச் சேர்க்க மறுத்தார். சட்டத் தேவைக்காகத்தான் பிறகு சேர்த்தார்கள். மூன்று பேரும் அதைத் தலைக்கு ஒரு டாலருக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். வேறு யாரும் இதைப் பூட்டி வைத்து வியாபாரம் பண்ணிவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். ஒரு டாலர்! சட்டையைப் பிடித்துச் சண்டை போட்ட அதே ஆட்கள்தான் இதையும் செய்தார்கள்.

எலிசபெத்

1922 ஆகஸ்டில் பான்டிங்கிடம் பதினைந்து வயசை நெருங்கிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி வந்தாள். எலிசபெத் ஹியூஸ், அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள். மூன்று வருடமாக ஆலனின் பட்டினி சிகிச்சையில் இருந்தவள். எடை 20 கிலோ சுமார். இன்சுலின் போட ஆரம்பித்ததும் வேண்டியதைச் சாப்பிட ஆரம்பித்தாள். வளர்ந்து, படித்து, கல்யாணம் செய்து, மூன்று குழந்தைகள் பெற்று, 1981 வரை வாழ்ந்தார். ஐம்பத்தெட்டு வருடத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேல் ஊசிகள். தன் நோயைப் பற்றி வெளியில் யாரிடமும் பேசவே விரும்பியதில்லை.

பான்டிங்கின் கல்லூரித் தோழர் ஜோ கில்கிறிஸ்ட் கதையும் எனக்குப் பிடிக்கும். அவரும் டாக்டர், அவருக்கும் சர்க்கரை நோய். 1921 டிசம்பரில் அவருக்கு வாய் வழியாக மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. இன்சுலினை வயிற்றுக்குள் அனுப்பினால் செரித்துவிடும், ஊசிதான் வழி. பிறகு ஊசி வழியாகப் பிழைத்த கில்கிறிஸ்ட், பான்டிங்கின் கிளினிக்கிலேயே வேலை பார்த்தார். புதுசாக வரும் மருந்தைத் தன் உடம்பிலேயே முதலில் போட்டுப் பார்ப்பார்.

பரிசும் பங்கும்

1923 அக்டோபரில் நோபல் பரிசு அறிவிப்பு: பான்டிங், மெக்லவுட் இருவருக்கும். டென்மார்க்கின் ஆகஸ்ட் க்ரோக் செய்த பரிந்துரை அது. க்ரோக்கின் மனைவிக்கே சர்க்கரை நோய் இருந்தது. பான்டிங்குக்கு வயது முப்பத்திரண்டு நிறைய இன்னும் சில நாட்கள். மருத்துவ நோபலை அவ்வளவு சிறு வயதில் வாங்கியவர் இன்றுவரை வேறு யாரும் இல்லை.

சந்தோஷப்பட்டாரா? கொதித்துப் போனார். பெஸ்ட்டை விட்டுவிட்டு மெக்லவுட்டுக்கா என்று பரிசையே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்குப் போனார். பெரியவர்கள் சமாதானப்படுத்தினார்கள். தன் பங்கில் பாதியைப் பெஸ்ட்டுக்குக் கொடுப்பதாக அறிவித்தார். மெக்லவுட் தன் பங்கில் பாதியைக் காலிப்புக்குக் கொடுத்தார்.

உண்மையில் யார் கண்டுபிடித்தது? ஊர் கூடித் தேர் இழுப்பதைப் பார்த்திருப்பீங்க. வடத்தை முதலில் கையில் எடுத்தவர் பான்டிங். கூடவே பிடித்தவர் பெஸ்ட். எந்தத் தெருவில் எப்படித் திருப்ப வேண்டும் என்று தெரிந்தவர் மெக்லவுட். சகதியில் சக்கரம் சிக்கியபோது தோள் கொடுத்துத் தூக்கியவர் காலிப். நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் ஆலையில் இருந்தவர்கள். இதில் ஒருத்தரை எடுத்துவிட்டாலும் தேர் பாதி வழியில் நின்றிருக்கும். பான்டிங்குக்கு இது கடைசிவரை முழுசாகப் புரியவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மெக்லவுட்டை அவர் மன்னிக்கவே இல்லை. மெக்லவுட் 1928இல் ஸ்காட்லாந்துக்கே திரும்பிவிட்டார்.

அதற்குப் பிறகு

கனடா பாராளுமன்றம் ஆயுள் முழுக்க வருடம் 7,500 டாலர் ஒதுக்கியது. 1934இல் சர் பட்டம் வந்தது. அவர் பெயரில் ஆராய்ச்சி நிலையமே எழுந்தது. புற்றுநோயில் இறங்கினார், பெரிய விடை எதுவும் கிடைக்கவில்லை. முதல் ப்ராஜெக்ட்டே உலகத்தை மாற்றிவிட்டால் இரண்டாவது ப்ராஜெக்ட் எவ்வளவு கஷ்டம் பாருங்க. முதல் கல்யாணம் விவாகரத்தில் முடிந்தது, 1937இல் மறுமணம். மனசு பாரமாகும்போது தூரிகையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஏ.ஒய். ஜாக்சன் என்ற பெரிய ஓவியரோடு 1927இல் ஆர்க்டிக் வரை போய்ப் பனியை வரைந்தார்.

இரண்டாம் உலகப் போரில் அவருடைய குழுவில் வில்பர் ஃப்ராங்க்ஸ் என்பவர், விமானிகள் வேகமாகத் திரும்பும்போது மயங்கி விழாமல் காக்கும் உடையை உருவாக்கினார். அதே பான்டிங் கிருமி ஆயுத ஆராய்ச்சி வேண்டும் என்று அரசை வற்புறுத்தியும் இருக்கிறார். உயிர் காத்தவர் என்பதற்காக அதை மறைக்க வேண்டியதில்லை. அவர் தெய்வம் இல்லை, மனுஷன்.

போர்க்கால மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஒன்றுக்கு அவர் தலைவராக இருந்தார். அதில் கூட வேலை பார்த்தவர்களில் ஒருவர் காலிப்! சட்டையைப் பிடித்த அந்த நாளுக்குப் பிறகு காலம் இருவரையும் நல்ல நண்பர்களாக ஆக்கியிருந்தது.

1941 பிப்ரவரி 20ஆம் தேதி, இங்கிலாந்துக்குப் போக நியூஃபவுண்ட்லாந்தின் காண்டரில் இருந்து ஹட்சன் குண்டுவீச்சு விமானம் ஒன்றில் ஏறினார். எஞ்சின் பழுதாகி, மஸ்கிரேவ் ஹார்பர் அருகே விமானம் விழுந்தது. விமானி மட்டும் தப்பித்தார். பலத்த காயமடைந்த பான்டிங் மறுநாள் இறந்தார். வயது நாற்பத்தொன்பது. குழுவில் அவருடைய இடத்துக்கு வந்தவர் காலிப்தான்.

நமக்கு என்ன இதில்?

தேர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 1936இல் டென்மார்க்கில் ஹாகடார்ன், அதிக நேரம் வேலை செய்யும் இன்சுலினைக் கொண்டுவந்தார். 1955 வாக்கில் ஃப்ரெடெரிக் சாங்கர் இன்சுலினின் அமினோ அமில வரிசையை முழுக்கப் படித்து முடித்தார். அப்படிப் படிக்கப்பட்ட முதல் புரதம் அதுதான். 1969இல் டோரத்தி ஹாட்ஜ்கின் அதன் முப்பரிமாண வடிவத்தைக் காட்டினார். 1978இல் பாக்டீரியாவுக்குள் மனித ஜீனை வைத்து இன்சுலின் செய்தார்கள். 1982இல் அது மருந்தாக அனுமதி பெற்றது. இப்போது சர்க்கரையைத் தானே அளந்து, தானே அளவு பார்த்துச் செலுத்தும் பம்புகள் வந்துவிட்டன. அதில் சென்சார் இருக்கு, கன்ட்ரோல் சிஸ்டம் இருக்கு, கோடிங் இருக்கு. அதாவது நம்ம சிலபஸ்!

ஆனா ஒன்று. இன்சுலின் நோயைக் குணப்படுத்தாது, உயிரோடு வைத்திருக்கும். லண்டன் ஒன்டாரியோவில் அந்த ரெண்டு மணி ஐடியா பிறந்த வீடு இப்போது அருங்காட்சியகம். அங்கே 1989இல் ஒரு சுடர் ஏற்றினார்கள். சர்க்கரை நோய்க்கு முழுத் தீர்வு கிடைக்கும் அன்றுதான் அதை அணைப்பதாக ஏற்பாடு. இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது.

அரியர் வைத்திருக்கிறோம், நமக்கெல்லாம் என்ன ஐடியா வரும் என்று உட்கார்ந்திருக்கும் நண்பா, பான்டிங்கை நினைச்சுக்க. ஐடியா தப்பாக இருந்தாலும் செய்து பார். ஆனா அவர் செய்யத் தவறியதையும் சேர்த்துச் செய்: கூட வடம் பிடித்தவர்கள் பெயரை மறக்காமல் எழுது.

இந்தக் கட்டுரையை முதலில் படித்தது என் ரூம்மேட்தான். படித்து முடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மெஸ் மணி அடித்ததும் ஃப்ரிட்ஜில் இருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தவன், ஊசி போடுவதற்கு முன்னால் கேட்டான்: அந்தப் பையன் பேர் என்னடா சொன்ன, லியனார்டா?